ஸ்டோர் என்று எழுதிய அறை

பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு பன்னீர்செல்வம் அண்ணன், "தம்பி, அந்த ஸ்கேல என் கண்ணுக்கு நேரா நிறுத்திப் பிடி" என்றார். மத்தியான நேரம். அலுவலகத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். கட்டுமான அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவன், படுத்திருக்கும் ஒரு மனிதருக்கு முன்னால் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆடாம பிடி, பி.ஏ."

"எதுக்குண்ணே இது?"

"மூணு வயசுப் பிள்ளை கட்டில்ல கிடக்குதுன்னு வையி. அதுக்கு வெளிய என்ன தெரியும்? டெல்லில போட்ட பிளான்படி சன்னல் வச்சா நாள் பூரா செவுத்தப் பாத்துக்கிட்டுக் கிடக்கும்."

எழுந்து போய், மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் ஜன்னல்களின் கீழ்விளிம்பை இறக்கிப் போட்டார். போர்ட் பிளேரில் ஷாதிபூர் மேட்டில் கட்டப்போகிற குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வரைபடம் அது. அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியலாம்.

பன்னீர்செல்வம் லால்குடிப் பக்கத்துக்காரர். பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சியில் வரைபடப் பயிற்சி பெற்று, ஐம்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்தவர். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று வந்ததாகச் சொல்வார். இங்கே வந்த எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். லம்பா லைனில் அரசுக் குடியிருப்பு, மனைவி ஜெயலட்சுமி, ஒரே மகன் பாலசுப்பிரமணியம். ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில் இருக்கும். குனியும்போது அது மார்பில் குத்தும், குத்தியதும் பென்சிலைத் திட்டுவார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வரைபடத்தில் இருப்பதுதான் தரையில் இருக்க வேண்டும். அபர்தீன் பஜாரில் இரும்புக்கடை வைத்து, காண்டிராக்டும் எடுத்துவந்த சேக் தாவூத் பாய் ஒருமுறை ஒரு வராந்தாப் படியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டார். இடித்துக் கட்டச் சொன்னார் அண்ணன். "நடக்குறதுக்குப் படி, அதுல என்னப்பா பெரிய கணக்கு?" என்று பாய் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். படி இடிக்கப்பட்டது.

டெல்லியிலிருந்து வந்த திட்டம் எல்லா ஊருக்கும் பொதுவாகப் போட்டது. நடுவில் கூரையில்லாத முற்றம் இருந்தது, குளிர்காலத்தில் பிள்ளைகள் வெயில் காய்வதற்காக. வருஷத்தில் பாதிக்குமேல் மழை பெய்கிற ஊரில் அது குளமாகும். அதற்கு மேல் கூரை போட எங்கள் எஞ்சினியர் சக்ரவர்த்தி சாப் ஒத்துக்கொண்டார். ஜன்னலை இறக்கியதற்கும் ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொள்ளாதது ஒன்றுதான். அண்ணனுக்கு வேண்டியதும் அந்த ஒன்றுதான்: தாய்மார் தங்க ஓர் அறை.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வருவதென்பது மெயின்லேண்டில் பஸ் ஏறி வருவது போல் இல்லை. தூரத்திலிருக்கும் டிக்லிப்பூரிலிருந்தோ கச்சால் தீவிலிருந்தோ காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினால், திரும்பும் கப்பல் எப்போது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. போர்ட் பிளேரில் சொந்தக்காரர்களும் இருக்க மாட்டார்கள். கைக்குழந்தை என்றால் தாய் வார்டுக்குள் இருக்கலாம். பால் மறந்த பிள்ளை என்றால் பிள்ளை மட்டும்தான் உள்ளே. தாய் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வெளியே போய்விட வேண்டும். எங்கே போவது என்று ஆஸ்பத்திரி கேட்காது. ஜெட்டி ஷெட்டிலும், மூடிய கடைகளின் வாசலிலும், மழையில் நனைந்துகொண்டு கேட்டுக்கு வெளியிலும் அந்தப் பெண்கள் கிடப்பதை ஊரே பார்த்திருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன். மின்னி பே பகுதியிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியில் தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு வகுப்புக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தேன்.

அண்ணனுக்கு மட்டும் அது ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிடும்போது தெரிந்தது. ஜெயலட்சுமி அண்ணிதான் சொன்னார், மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்வந்த கதை போல.

"பாலுவுக்கு மூணு வயசுல தொண்டையில கட்டி வந்து பழைய ஆஸ்பத்திரியில போட்டோம். என்னை உள்ள விடல. நாலு மணிக்குப் போவேன், கையைப் பிடிச்சிக்குவான். ஆறு மணிக்குப் பிரிச்சு எடுத்துட்டு வருவேன். அப்புறம் கையைப் பிடிக்கிறதையும் விட்டுட்டான். குணமாகி வீட்டுக்கு வந்தவன் எங்கிட்ட வரவேயில்ல. அப்பா அப்பான்னு இவரு பின்னாடியே போவான். நான் சோறு ஊட்டினா மூஞ்சியத் திருப்பிக்குவான். அம்மான்னு கூப்பிட மறுபடி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"அந்தக் கதையெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் அண்ணன்.

"நான் மறந்துட்டேன் தம்பி. எம்புள்ள எங்கிட்ட வந்துட்டான். இவருதான் இன்னும் கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு."

அண்ணன் மீனில் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தாய்மார் அறையை அவர் முதலில் வரைந்து கொண்டுபோனபோது சக்ரவர்த்தி சாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பன்னீர், யே ஹாஸ்பிடல் ஹை. தர்மசாலா நஹீன்."

ஆஸ்பத்திரி, சத்திரம் இல்லை என்கிறார். அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார். கப்பல், மழை, பிள்ளை, தாய் என்று நாலு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாப் கெட்டவர் இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பொதுத் திட்டத்தில் இல்லாத அறை ஒன்றைச் சேர்த்தால் டெல்லி கேள்வி கேட்கும். கேள்வி கப்பலில் வரும், பதில் கப்பலில் போகும். அதற்குள் மார்ச் போய்விட்டால் பணமும் திரும்பிப் போய்விடும். அப்புறம் ஆஸ்பத்திரியே இல்லை. "ஆஸ்பத்திரி வேண்டுமா, அறை வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, சிவப்புப் பென்சிலால் அறையை அடித்தார்.

இரண்டாவது தடவை அறையைச் சின்னதாக்கிக் கொண்டுபோனார் அண்ணன். மறுபடி சிவப்புக் கோடு.

மூன்றாவது தடவை அவர் கொண்டுபோனபோது நானும் பக்கத்தில் நின்றேன். அறை முதல் தடவையைவிடப் பெரிதாக இருந்தது. வார்டை ஒட்டிப் பின்பக்கம், இரண்டு கதவு, நீளமான ஜன்னல்கள், ஒரு மூலையில் குளியலறை, சுவரோரம் சிமெண்டுத் திண்டு. நடுவில் அவருடைய அழகான கொட்டை எழுத்தில் 'ஸ்டோர்' என்று எழுதியிருந்தது.

சாப் பார்த்தார். "ஸ்டோர் படா ஹை" என்றார், பெரிதாக இருக்கிறதே என்று. பிறகு, "அச்சா ஹை. ஸ்டோர் எப்போதும் பத்தாது."

பென்சில் குளியலறைமேல் போய் நின்றது. "ஸ்டோர் மே பாத்ரூம்?"

"ஸ்டோர் கீப்பர் கே லியே, சாப்." ஸ்டோர் கீப்பருக்கு என்றார் அண்ணன்.

சாப் கையெழுத்துப் போட்டார். டெல்லியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அரசாங்கத்தில் எதைச் சேர்த்தாலும் ஏன் என்பார்கள், சாமான் வைக்கும் அறையை மட்டும் கேட்க மாட்டார்கள். அண்ணன் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"பொய்தானேண்ணே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கட்டி முடியட்டும் தம்பி. அப்புறம் அது அறைதானே? டாக்டரம்மாகிட்ட பேசி வச்சிருக்கேன். திறந்த அன்னைக்கே பாய் விரிச்சு உக்கார வச்சிருவாங்க. உக்காந்துட்டா யாரு எழுப்புவா?"

டாக்டரம்மா கோட்டயத்துக்காரர். பழைய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்த்துவந்தவர், கேட்டுக்கு வெளியே கிடந்த பெண்களுக்குக் குடை வாங்கிக் கொடுத்தவர். அவர் வாய்மொழியாகச் சரி என்று சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது, எழுதினால் அது ஸ்டோர் இல்லை என்றாகிவிடும்.

சேக் தாவூத் பாய்தான் கட்டினார். மெயின்லேண்டிலிருந்து சிமெண்டு வரத் தாமதமானது, மழை வந்தது, வேலை நின்றது, மறுபடி தொடங்கியது. அண்ணன் தினமும் மேட்டுக்குப் போய்ப் பின்பக்க அறையைத்தான் முதலில் பார்ப்பார். திண்டு பெண்கள் உட்காரும் உயரத்தில் இருக்கிறதா என்று தானே உட்கார்ந்து பார்ப்பார். "மூட்டை வைக்குற திண்டுக்கு ஏம்ப்பா இவ்வளவு வழவழப்பு?" என்று பாய் கேட்பார். "பூசுங்க பாய்" என்பார் அண்ணன்.

ஆஸ்பத்திரி திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு டாக்டரம்மாவை மாற்றிவிட்டார்கள். அவர் கேட்டு வாங்கிய மாற்றல். ஊரில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வந்த டாக்டர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்து, எந்த அறை எதற்கு என்று பலகை மாட்டச் சொன்னார். பின்பக்க அறைக்கும் ஒரு பலகை. அதன் சாவி, ஸ்டோர் கீப்பர் சொக்கலிங்கத்தின் இடுப்புக்குப் போனது.

சொக்கலிங்கம் எங்கள் பக்கத்து ஆள்தான், ராமநாதபுரம். நன்றாகப் பேசுவார், ஒரு துளி விட்டுத் தர மாட்டார். அண்ணன் போய்ப் பார்த்தபோது அந்த அறையில் கட்டில் சட்டங்களும் கம்பளிக் கட்டுகளும் மருந்துப் பெட்டிகளும் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்தன. திண்டின்மேல் பினாயில் டப்பாக்கள்.

"வாங்கண்ணே! இந்தத் தீவுல ஸ்டோர் கீப்பருக்குன்னு குளிக்கிற ரூம் வச்சுக் கட்டின ஒரே மகராசன் நீங்கதான். எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன்."

"சொக்கு, இது ஸ்டோர் இல்லப்பா."

"பின்ன?"

"வெளியூர்லேருந்து வர்ற பொம்பளைங்க தங்கறதுக்குப் போட்டது. டாக்டரம்மாவுக்குத் தெரியும்."

"அவங்க கோட்டயத்துல இருக்காங்க. பிளான் இங்க இருக்கு." சொக்கலிங்கம் வரைபடத்தின் நகலைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். "இந்தா, உங்க எழுத்துதானே? முத்து முத்தா இருக்குது. நான் அழிச்சு எழுதினேன்னா சொல்லுங்க, இப்பவே சாவியத் தந்துடறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த அந்த எழுத்தைப் பார்த்தேன்.

வெளியே வராந்தாவில் கச்சாலிலிருந்து வந்த இரண்டு குடும்பங்களை வாட்ச்மேன் எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆறு மணி ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் சாப்பிடம் உண்மையைச் சொன்னார். சாப் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "வரைபடத்தைத் திருத்து. அந்த அறையைத் தாய்மார் அறை என்று போடு. ஆனால் ஸ்டோர் எங்கே? ஸ்டோர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு யார் சம்மதிப்பார்கள்? முதலில் புது ஸ்டோர் போட்டுக் காட்டு" என்றார். அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. அன்று மாலைக்குள் புது ஸ்டோர் வரைந்துவிட்டார். அந்த அறைக்குப் பக்கத்தில், வார்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் மரத்தூண், தகரக் கூரை, தகரச் சுவர், குறுக்குக் கம்பி போட்ட ஒரே கதவு. ஜன்னல் இல்லை. தகரச் சுவரில் ஜன்னல் வைத்தால் திருட்டுப் போகும் என்று சாப் சொல்லக்கூடும், அதற்கு இடம் வைக்கவே வேண்டாம் என்று அண்ணனே ஜன்னலை வரையாமல் விட்டுவிட்டார்.

இந்த முறை டெல்லியிலிருந்து கேள்வி வந்தது, பதில் போனது, ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. கடைசியில் தகர ஸ்டோர் எழுந்தது. அண்ணன் சொக்கலிங்கத்திடம் போய், "இனி சாமானை மாத்திரலாம்ல?" என்றார்.

"எங்க மாத்துறது?"

"புது ஸ்டோருக்கு."

சொக்கலிங்கம் தகரச் சுவரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்து ஊதிக்கொண்டார். "இதுலயா? ரப்பர் குழாய் உருகிப் போயிரும். பஞ்சு ஈரமாயிரும். மருந்து கெட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது, நீங்களா? எம் பேருல இருக்குற சாமான்ணே. நீங்களே சொல்லுங்க, உங்க மருந்தா இருந்தா இதுல வைப்பீங்களா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார். மருந்து பழைய இடத்திலேயே இருக்கட்டும். வெளியூர்ப் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று இவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அவர்கள் அந்த ஷெட்டில் இருந்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

இப்படித்தான் மருந்துப் பெட்டிகளுக்குக் காற்றோட்டமும் வழவழப்பான திண்டும் குளியலறையும் கிடைத்தன. தாய்மாருக்கு ஜன்னல் இல்லாத தகரப் பெட்டி கிடைத்தது. இரண்டையும் வரைந்தது ஒரே கை.

நான் கல்லூரியில் படிக்கும்போது அரசாங்கத்தில் எல்லாவற்றையும் கெடுப்பது கெட்டவர்கள் என்று நினைத்திருந்தேன். இந்தக் கதையில் தேடிப் பார்த்தேன், ஒருவர்கூட அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் திட்டவாவது செய்யலாம்.

"இத்தனை வருஷம் வரைஞ்சு வரைஞ்சு ஒரு தகர டப்பா கட்டியிருக்கீங்க" என்றார் அண்ணி. அந்த வாரம் முழுதும் அண்ணன் அலுவலகத்தில் பென்சில் சீவுவதும் உடைப்பதுமாக இருந்தார்.

பிறகு ஒருநாள் நேராக சேக் தாவூத் பாயின் கடைக்குப் போனார். நானும் போனேன்.

"பாய், ஒரு ஆளு வேணும். ஷெட்டுல ரோட்டுப் பக்கம் தகரத்தை வெட்டிச் சட்டம் அடிக்கணும். கடல் காத்து அந்தப் பக்கம்தான் வருது."

"பிளான் எங்கப்பா?"

"பிளான் கிடையாது."

பாய் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு படி தள்ளிப் போச்சுன்னு என்னை இடிக்க வச்ச ஆளு நீ! இப்ப பிளான் இல்லாம கவர்மெண்டுச் செவுத்த வெட்டணுமா? அல்லாவே, இவனுக்கு என்ன ஆச்சு?"

"வர முடியுமா முடியாதா, பாய்?"

"ஆளை அனுப்புறேன். எம் பேரைச் சொல்லாத."

ஜன்னல் வெட்டப்பட்டது. இரண்டு நாளில் சாப் என்னைக் கூப்பிட்டார், அவர் சொல்லச் சொல்ல ஒரு மெமோ டைப் அடித்தேன். அனுமதியின்றி அரசுக் கட்டிடத்தைச் சேதப்படுத்தியது ஏன், மறுபடி நடந்தால் சம்பள உயர்வு நிறுத்தப்படும். நானே கொண்டுபோய் அண்ணனின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "டைப் சுத்தமா இருக்கு தம்பி" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் வெயிலோடு இருவரும் மேட்டுக்கு ஏறினோம். ஜன்னலால் ஷெட் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு அவசரம். தூரத்திலேயே நின்றுவிட்டார். ஜன்னல் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு பச்சைச் சேலையும் ஒரு ஊதாச் சேலையும் ஒரு கிழிந்த போர்வையும் இறுக்கிக் கட்டியிருந்தன.

உள்ளே ஐந்து பெண்கள் இருந்தார்கள். அடுப்பைப் போல இருந்தது. அண்ணன் வாசலில் நின்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

"காத்து வரட்டும்னு நான் மெமோ வாங்கி வெட்டி வச்சிருக்கேன், துணியப் போட்டு மூடி வச்சிருக்கீங்களே! யாரு செஞ்சது இது?"

ஒருத்தி எழுந்தாள். அன்னம்மாள். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இரு நாட்டு ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடிவைக்கப்பட்ட குடும்பம். மகள் நெஞ்சில் சளி கட்டி வார்டுக்குள் படுத்திருந்தாள்.

"நாந்தாங்க கட்டினேன். ரோட்டுல லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டுப் போறான். சேலை மாத்தணும், படுக்கணும். நீங்க இப்படி ரோட்டப் பாத்துச் சன்னல் வச்ச வீட்டுல படுப்பீங்களாய்யா?"

அண்ணன் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"கண்டிச்சீமையில தோட்டத்து லயத்து வீட்டுக்கே ஒரு சன்னல் இருந்துச்சு. அதுல காத்து வராது. ஆனா புள்ள அழுதா கேக்கும்." அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. "இங்க என்னா கேக்குது? மழை பேஞ்சா தகரத்துல கல்லுக் கொட்டுற மாதிரி இருக்கு. மழை இல்லாட்டியும் செவுருதான். உள்ள எம்புள்ள அழுகுதா தூங்குதான்னு தெரியாம எப்படிங்க கண்ண மூடுறது? கேட்டுக்கு வெளியவே கெடந்திருக்கலாம். அங்கயாச்சும் சத்தம் வந்துச்சு."

மூலையிலிருந்த ஒரு வங்காளப் பெண் இந்தியில் ஏதோ முனகினாள். அவளுக்குச் சத்தம் வேண்டாமாம். எல்லாப் பிள்ளைகளின் அழுகையும் கேட்டால் தலை வெடித்துவிடும் என்றாள். அன்னம்மாள் அவளை முறைத்து, "தும் சோ ஜாவ்" என்று தீவு இந்தியில் சொன்னாள். நீ தூங்கு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் வெளியே வந்து ஷெட்டைச் சுற்றி நடந்தார். வார்டுப் பக்கத்துத் தகரச் சுவருக்கும் வார்டின் ஜன்னல் வைத்த பின்சுவருக்கும் இடையில் கைநீட்டினால் எட்டுகிற தூரம்தான். அந்த இடைவெளியில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்:

"நான் ஏன் தம்பி இவங்கள்ல ஒருத்தரைக்கூடக் கேக்கல?"

அதே கேள்வி எனக்கும் இருந்தது. தினமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போனவன் நான். "அண்ணியைக்கூடக் கேக்கலியா?" என்றேன். "கேக்கல" என்றார். "அவ கதையத்தான் கேட்டேன். அவளுக்கு என்ன வேணும்னு கேக்கல."

பாயின் கடைக்குப் போய்த் தகரம் வெட்டுகிற கத்தரியும் உளியும் வாங்கி வந்தோம். இந்த முறை ஆள் தர பாய் மறுத்துவிட்டார், எங்கள் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மெமோவை நினைவூட்டினேன். "டைப் அடிக்கப் போறது நீதானே, சுத்தமா அடி" என்றார் அண்ணன்.

அவருக்குக் கோடு போடத் தெரியும், வெட்டத் தெரியாது. தகரம் கோணலாகப் போனது. விளிம்பு கையைக் கிழித்தது. நான் பிடித்துக்கொண்டேன், அன்னம்மாள் உள்ளிருந்து வளைத்து இழுத்தாள். இரண்டு பக்கமும் பொருந்தாத ஒரு ஓட்டை. சட்டம் இல்லை, அளவு இல்லை. அவர் வாழ்க்கையில் செய்த மிக அசிங்கமான வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதன் வழியே வார்டின் சத்தம் வந்தது: தட்டு வைக்கும் சத்தம், சிஸ்டரின் செருப்பு, ஒரு பிள்ளை இருமியது.

பெண்கள் ஓட்டைக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. வங்காளப் பெண் மட்டும் தலையைப் போர்த்திக்கொண்டு மூலையிலேயே இருந்தாள். அண்ணன் கிழிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

உள்ளே ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள், தலையைப் போர்த்தியிருந்தவளும்தான். ஒரு மூச்சு நேரம் கேட்டார்கள். அன்னம்மாள், "எம்புள்ள இல்ல" என்றாள். அப்படியே சாய்ந்து கையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடினாள். கப்பல் ஏறிய நாளிலிருந்து தூங்காதவள் போல உடனே மூச்சுச் சீரானது. மற்ற மூன்று பேரும் தங்கள் பிள்ளை இல்லை என்று தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எழுந்து ஓடியவள் அந்த வங்காளப் பெண்தான்.

ஷெட்டைச் சுற்றி ஓடி வார்டு வாசலுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். கதவு சாத்தியிருந்தது. பிள்ளைகள் தாமே திறந்துகொண்டு ஓடிவிடாதபடி தாழ்ப்பாளை உயரத்தில் வைத்து அண்ணன் வரைந்த கதவு, நல்ல கனம். அவள் உள்ளங்கையால் தட்டினாள். உள்ளேயிருந்து சிஸ்டர், "சார் பஜே! நாலு மணிக்கு வா!" என்றார். அழுகை நிற்கவில்லை. இங்கே இன்னும் நன்றாகக் கேட்டது.

அண்ணன் என்னிடம் மணி கேட்டார்.

"மூணுகூட ஆகலண்ணே."

அவர் கத்தரியைத் தரையில் வைத்தார். ரத்தம் வடிந்த கையாலேயே அவளோடு சேர்ந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்.